எந்தத் தேனீ என்று கேட்டுவிட்டு மருந்து அடிங்கய்யா!

மழை ஓய்ந்து, புனேவில் காலையில் ஸ்வெட்டரைத் தேடுகிற நாள் வந்தால் போதும். அதிலிருந்து மாம்பழ சீசன் வரைக்கும் இந்த ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸப் குரூப்புகளில் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். மொட்டை மாடி தண்ணீர் டேங்குக்கு அடியிலோ, ஏழாவது மாடி சன்ஷேடுக்குக் கீழேயோ கறுப்பாக ஏதோ தொங்கும். எடுத்தவர் கை ஆடியிருப்பதால் அது தேன்கூடா, காயப்போட்ட கம்பளியா என்றுகூடத் தெரியாது. அரை மணி நேரத்தில் முப்பது பேர் "உடனே ஆக்‌ஷன் எடுங்க" என்பார்கள். ஒரு மணி நேரத்தில் பூச்சிமருந்துக்காரர் நம்பர் வந்துவிடும். "அது என்ன பூச்சி?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்.

நான் கேட்கிறேன். கேட்டதற்காக எங்கள் சொசைட்டியில் எனக்கு 'மதுமக்கி அங்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியில் மதுமக்கி என்றால் தேனீ. பரவாயில்லை, இதைவிட மோசமான பெயரெல்லாம் ஆபீசில் இருக்கிறது :-)

நான் பொட்டி தட்டுகிற ஆள் இல்லை. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. எங்கள் வேலையில் பாலபாடம் ஒன்றுதான்: குறை என்ன என்று தெரியாமல் எதையும் சரி செய்யாதே. விரிசல் விழுந்த பாகம் வந்தால் அது வார்ப்பில் வந்ததா, கடைசலில் வந்ததா, லாரியில் அடிபட்டதா என்று பார்க்காமல் மெஷினைக் கழற்றினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். இதே கம்பெனிகளில் பகல் முழுக்க இந்தப் பாடம் நடத்துகிற மனிதர்கள்தான் சாயங்காலம் சொசைட்டி மீட்டிங்கில் உட்கார்ந்து, "என்ன பூச்சியா இருந்தா என்ன, அடிச்சு விடு" என்கிறார்கள். எரிச்சல் வருமா வராதா?

சென்ற பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து விங் மொட்டை மாடியில், டேங்க் நிற்கிற ஸ்லாபுக்கு அடியில் காலை எட்டு மணிக்கு ஒரு தேனீக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. பலாப்பழ அளவு இருக்கும். வாட்ச்மேன் காகா (இங்கே வாட்ச்மேனைப் பிள்ளைகள் எல்லாம் காகா என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தப்பா என்று அர்த்தம்) சாத்தாரா மாவட்டத்து மலைக் கிராமத்துக்காரர். ஏறிப் பார்த்துவிட்டு வந்து ஒரே வரியில் சொன்னார்: "ஹே ஆக்யா நாஹி, சாத்தேரி ஆஹே." இது ஆக்யா இல்லை, சாத்தேரி. அடை எதுவும் கட்டவில்லை, களைப்பாற உட்கார்ந்திருக்கிறது, நாளைக்கோ மறுநாளோ தானே போய்விடும் என்றார். செகரட்டரி சாரிடம் நானும் போய்ச் சொன்னேன். "நீங்க பொறுப்பு ஏத்துக்கறீங்களா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், மருந்து அடிக்க ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும், பீகார் பக்கம். முகத்தில் கைக்குட்டை, காலில் ரப்பர் செருப்பு, முதுகில் தெளிப்பான். அவ்வளவுதான் பாதுகாப்பு. அடித்தான். பாதித் தேனீக்கள் கீழே விழுந்தன. மீதிப் பாதி அவன் மேல் விழுந்தன. ஏணியில் இறங்கவே முடியாமல் அலறியவனைக் காகாதான் போர்வையைப் போர்த்தி இழுத்து வந்தார். நாற்பதுக்கும் மேல் கொடுக்குகள். என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் படுத்திருந்தான். செலவு யாருடையது என்று கான்ட்ராக்டரும் கமிட்டியும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு நடுவில், மருந்து டேங்கில் வழிந்திருக்குமோ என்று யாருக்கோ சாயங்காலம் உறைத்து, டேங்க் தண்ணீர் மொத்தத்தையும் திறந்துவிட்டார்கள். கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "தேனீப் பிரச்சினை வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது."

இப்போது அடுத்த பொதுக்குழுவில், வருடம் முழுவதும் தேனீ கண்ட இடத்தில் மருந்து அடிக்க நிரந்தர கான்ட்ராக்ட் போட ஒரு தீர்மானம் வருகிறது. அதற்கு முதல் ஆளாகக் கை தூக்கத் தயாராக இருப்பவர்கள் நம் தமிழ்க் குடும்பங்கள். "எங்க ஊர்ல கதண்டு கூடு கட்டினா தீயணைப்பு வண்டியே வந்து கொளுத்தும், தெரியுமா" என்று தஞ்சாவூர்க்கார நண்பர் ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். அவருக்குத்தான் முதல் பதில். ஐயா, கதண்டு வேறு, தேனீ வேறு. கதண்டு, தெற்கே கடந்தை என்கிறோமே, அது குளவி இனம். தேன் சேர்க்காது, பிற பூச்சிகளைப் பிடித்துத் தன் புழுக்களுக்கு ஊட்டும். கூடு காகிதம் அரைத்து ஒட்டியது போல் சாம்பல் பந்தாக இருக்கும். இடுப்பு நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும், உடம்பில் ரோமம் குறைவு. கொடுக்கை இழக்காமல் திரும்பத் திரும்பக் கொட்டும். வீட்டு வாசலில் அது கூடு கட்டினால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கைத் தேனீ தலையில் எழுதாதீர்கள்.

சரி, கூரையைச் சுற்றி ஏதோ பறக்கிறது. அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகம் எதுவும் வேண்டாம். எட்டி நின்று மூன்று கேள்வி கேட்டால் போதும். எவ்வளவு பெரியது? எங்கே இருக்கிறது, வெளியே தொங்குகிறதா, ஓட்டைக்குள் போய் வருகிறதா? அடை இருக்கிறதா, வெறும் கூட்டமா?

உடம்பு முக்கால் அங்குல நீளம். வெட்டவெளியில், உயரத்தில், ஒரே ஒரு பெரிய அடை, அரைவட்டமாக, சில சமயம் ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூடத் தொங்கும். இது மலைத்தேனீ, பாறைத்தேனீ என்றும் சொல்வோம். மராத்தியில் ஆக்யா மோஹோள். ஆக் என்றால் நெருப்பு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கூட்டின் மேல் கறுப்பு அலை மாதிரி ஒன்று சர்ரென்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் மைதானத்தில் ஜனங்கள் வரிசையாக எழுந்து உட்காருவார்களே, அதே மாதிரி. ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கிக் காட்டி, "கிட்டே வராதே" என்று எதிரிக்குச் சொல்வது அது. அதைக் கண்டால் மரியாதையாகப் பின்வாங்குங்கள். ஆபத்தானது என்று பெயர் எடுக்கத் தகுதியானது நம் வீட்டுத் தேனீக்களில் இது ஒன்றுதான்.

உடம்பு அரை அங்குலத்துக்கும் குறைவு. சுவர் ஓட்டை, ஓட்டு வீட்டுக் கூரை இடுக்கு, ஃபால்ஸ் சீலிங், மீட்டர் பெட்டி என்று ஏதாவது ஒரு துவாரத்தில் போவதும் வருவதுமாக இருக்கும். கூடு கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பல அடைகள் வரிசையாக இருக்கும். இது இந்தியத் தேனீ. நம் ஊரில் அடுக்குத் தேனீ என்போம். மராத்தியில் சாத்தேரி. சாத் என்றால் ஏழு, ஏழடுக்கு கட்டுவதால் அந்தப் பெயர் என்பார்கள். பாருங்கள், இரண்டு மொழிக்காரனும் ஒரே அடுக்கைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறான். பெட்டியில் வளர்க்கிற தேனீ இதுதான். மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. 1920-களிலேயே அங்கே பெட்டித் தேனீ வளர்ப்பு வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டி பெட்டியாகக் காலியானபோது குமரி மாவட்டத்தில் எத்தனை குடும்பம் திண்டாடியது, பிறகு மிச்சமிருந்ததை வைத்து எப்படி மீண்டது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அங்கே கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிற அதே தேனீயைத்தான் இங்கே தெளிப்பான் வைத்து அடித்தோம்.

பால்கனிச் செடியிலோ, துணிக் கொடிக் கம்பியிலோ உள்ளங்கை அளவு ஒரே ஒரு சின்ன அடை, கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தால் அது கொம்புத்தேனீ. இங்கே புலோரி. சீண்டாதவரைக்கும் இருக்கிற இடம் தெரியாது. சுவர் விரிசலிலிருந்து பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு, அதன் வாயில் எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி குட்டி குட்டியாக மொய்த்தால் அது கொசுத்தேனீ. இங்கே போயா. அதற்குக் கொட்டவே தெரியாது, கொடுக்கு இல்லை! போன வருடம் ஒரு வீட்டில் இதற்கு இரண்டு டப்பா கரப்பான் ஸ்பிரே காலி செய்தார்கள்.

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கூரை மரத்திலோ மூங்கில் தட்டியிலோ துல்லியமாக வட்ட ஓட்டை போட்டு, பெரிய கறுப்பு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டால் அது தச்சுத் தேனீ. ஆளுக்கொரு ஓட்டை, படையாக வந்து கொட்டாது. நம் முருங்கைப் பூ காயாவதற்கு முக்கியமான ஆள் அதுதான். சாம்பாரில் முருங்கைக்காயை உறிஞ்சிக்கொண்டே அதை அடிக்காதீர்கள். அடுத்தது, சுவர் மூலையில் களிமண் உருண்டை ஒட்டி வைக்கிற மண்குளவி. தனியாக வாழ்கிற பூச்சி, கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. நம் பாட்டிமார் அதைக் கண்டால் வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று விட்டுவைப்பார்கள். ஃப்ளாட்டில் அந்த நம்பிக்கையும் இல்லை, ஈஎம்ஐ பயம்தான் இருக்கிறது.

இப்போது முக்கியமான கேள்வி. அடை இருக்கிறதா, வெறும் கூட்டமா? தேனீக் குடும்பம் பெருத்தால் பிரியும். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பும். போகிற வழியில் ஒரு கிளையிலோ கூரையிலோ கொத்தாகத் தொங்கும். உளவுத் தேனீக்கள் நாலு பக்கமும் போய் இடம் பார்த்துவிட்டு வந்து ஆடிக் காட்டி, எந்த இடம் என்று எல்லாமாகச் சேர்ந்து முடிவு செய்ததும் கிளம்பிவிடும். சில மணி நேரம், போனால் ஓரிரு நாள். இந்த நிலையில் காப்பாற்ற அதற்குப் புழுவும் இல்லை, தேனும் இல்லை, வீடும் இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருக்கும். தேனீ வாழ்க்கையில் அது சாதுவாக இருக்கிற நேரம் இதுதான். இடம் மாறுகிற மலைத்தேனீக் கூட்டமும் வழியில் இப்படித் தங்கிப் போவதுண்டு. வாடகைக்கு வீடு பார்க்க வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தின் மேல் ஆசிட் ஊற்றுவது போலத்தான் அந்தப் பிப்ரவரிக் காரியம். பார்ப்பதற்கு ஒரே வழி: அந்தக் கொத்து நேற்று இருந்ததா? இன்று காலை திடீரென்று வந்ததா? திடீரென்று வந்தது என்றால், மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் சும்மா இருங்கள். கமிட்டிக்கு அதுதான் மிகக் கஷ்டமான வேலை என்று எனக்கும் தெரியும்.

"கார் மேல் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுகிறது, கெமிக்கல் மாதிரி இருக்கிறது, குழந்தைகளுக்கு ஆபத்து" என்று ஒரு அம்மா போன மீட்டிங்கில் கவலைப்பட்டார்கள். அம்மா, நீங்கள் தனி ஆள் இல்லை. 1981-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் இதே சந்தேகத்தைத்தான் உலகத்துக்கே அறிவித்தார். லாவோஸ், கம்போடியாவில் பெய்த 'மஞ்சள் மழை' சோவியத் ரஷ்யா கொடுத்த விஷ ஆயுதம் என்றார். ஹார்வர்டு பேராசிரியர் மேத்யூ மெசல்சனும் தேனீ ஆராய்ச்சியாளர் தாமஸ் சீலியும் 1984-ல் தாய்லாந்துக்கே போனார்கள். அவர்கள் தலை மேலேயே அந்த மஞ்சள் மழை பெய்தது. மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து வயிற்றைக் காலி செய்கின்றன, அவ்வளவுதான்! புள்ளி முழுக்கச் செரித்த மகரந்தம். அமெரிக்க அரசு அந்தக் குற்றச்சாட்டை முறைப்படி வாபஸ் வாங்கவே இல்லை. கமிட்டிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. நம் நாட்டிலும் 2002 ஜூனில் மேற்கு வங்கத்துச் சங்கராம்பூரில் மஞ்சள் பச்சை மழை என்று ஊரே பயந்தது. பரிசோதித்தால் மா, தென்னை மகரந்தம் கலந்த தேனீக் கழிவு. காருக்கு ஈரத்துணி போதும்.

"எல்லாம் சரி சார், குழந்தையைக் கொட்டினால்?" நியாயமான கேள்வி. இதைச் சிரித்து ஒதுக்குகிற ஆள் நான் இல்லை. சிவநேரிக் கோட்டையிலும் அஜந்தாவிலும் சுற்றுலா போனவர்களை மலைத்தேனீ துரத்திய செய்திகள் வந்திருக்கின்றன. நூற்றுக்கணக்கில் கொட்டினால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டுகூட உயிருக்கு ஆபத்து. அதனால்தான் கேட்கிறேன், எது என்று முதலில் பாருங்கள். பள்ளிக்கூட வராந்தாவுக்கு மேலே, எல்லாரும் நடக்கிற படிக்கட்டுக்குத் தலைக்கு மேலே, ஒவ்வாமைக்காரர் வீட்டு ஜன்னலில் மலைத்தேனீ அடை கட்டினால் அகற்றத்தான் வேண்டும். ஆனால் அது தெரிந்த ஆள், முழு உடை, இருட்டிய பிறகு, புகை, குடியிருப்பவர்களுக்கு முன்னறிவிப்பு, எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தி விளக்கு அணைப்பு என்று செய்கிற வேலை. பட்டப்பகலில் செருப்புக் காலோடு ஒரு பையனை ஏற்றிவிடுகிற வேலை இல்லை. துவாரத்துக்குள் இருக்கிற அடுக்குத் தேனீயாக இருந்தால் அடையோடு எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக ஆள் உண்டு. மலைத்தேனீ பெட்டியில் வளராது. அதைப் "பண்ணைக்குக் கொண்டுபோய் விடுகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் எந்தப் பண்ணை, எப்படி என்று நாலு கேள்வி கேளுங்கள்.

மருந்து அடித்தால் பாதுகாப்பு வரும் என்பதே பொய். கொட்டிய தேனீ விட்டுப்போகிற கொடுக்கிலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது 'இங்கே அடி' என்கிற உத்தரவு. அதாவது தெளிப்பானோடு போகிறவர் போரை ஆரம்பித்து வைக்கிறார். தப்பித்தவை அதே இடத்தில் மறுபடி கூடும், கோபமாக. துவாரத்துக்குள் மருந்து அடித்தால் உள்ளே செத்த புழுவும் காவலில்லாத தேனும் அழுகி, சுவரில் ஒழுகி, எறும்பு வரும். அந்த விஷத் தேனை வேறு கூட்டுத் தேனீக்கள் எடுத்துப் போகும். நல்ல தேன் வீணாகிறதே என்று அதை யாராவது பாட்டிலில் பிடித்தால் இன்னும் மோசம். பழைய மெழுகுத் தடத்தைச் சுரண்டிக் கழுவாமல் விட்டால் அடுத்த சீசனில் அதே இடத்துக்கு வேறு கூட்டம் வரும். கான்ட்ராக்டருக்கு நல்ல வியாபாரம்.

செலவே இல்லாத பாதுகாப்பு என்ன என்றால், சாயங்காலம் ஆறரைக்கு மேல் அடைக்கு எதிரே இருக்கிற பால்கனி விளக்கை அணைப்பது. மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கும், ட்யூப் லைட்டைக் கண்டால் வீட்டுக்குள் வந்துவிடும். காலையில் பால்கனியில் செத்துக் கிடக்கிற தேனீக்களுக்கு முக்கால்வாசிக் காரணம் நம் விளக்கு. கல் எறியாதீர்கள், கீழே குப்பை கொளுத்தாதீர்கள். கொட்டிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். நகத்தாலோ ஏடிஎம் கார்டாலோ கொடுக்கைச் சுரண்டி எடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், தலைசுற்றல் என்றால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் நேராக ஆஸ்பத்திரி. இதை ஒரு காகிதத்தில் அச்சடித்து லிஃப்டில் ஒட்ட எவ்வளவு ஆகும்? வருட கான்ட்ராக்ட் பணத்தில் எத்தனை காகிதம் வரும்? தரக்கட்டுப்பாட்டுக்காரனின் சின்னக் கணக்கு, மன்னிக்கவும்.

எனக்கு வெட்கமாக இருப்பது இன்னொரு விஷயத்தில். இந்த ஊரில்தான், கணேஷ்கிண்ட் ரோட்டில், மத்திய தேனீ ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் 1962-லிருந்து இருக்கிறது. இந்தியா முழுக்கத் தேனீ வளர்க்க ஆள் வந்து படித்துப் போகிற இடம். பக்கத்து மஹாபலேஷ்வரில் மாங்கர் என்ற கிராமத்தை 2022-ல் 'தேன் கிராமம்' என்று அறிவித்தார்கள். அந்தத் தேனை லீவுக்குப் போய் பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்து ஊருக்கெல்லாம் பார்சல் அனுப்புகிறோம். தேன் வேண்டும், தேனீ வேண்டாம். இவ்வளவு அறிவை ஊருக்குள் வைத்துக்கொண்டு நாம் முதலில் டயல் செய்வது கரப்பான் மருந்துக்காரரை. அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். வாசலில் உட்கார்ந்திருக்கிற காகாவுக்கு நாலு தேனீக்கும் நாலு பெயர் தெரிகிறது. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க மாட்டான். பன்னிரண்டாயிரம் சம்பளக்காரர் சொல்வதைக் கேட்க நமக்குக் காது இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. மலைத்தேனீ இடம்பெயர்கிற ஜாதி. பூக்காலம் முடிந்தால் கூட்டை விட்டுவிட்டு நூறு, இருநூறு கிலோமீட்டர் போய்விடும். மறு சீசனில் திரும்பி வரும். 2000-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு ஆய்வு, அஸ்ஸாமில் கூடுகளின் மரபணுவைப் பார்த்து, பல மாதம் கழித்து அதே கூட்டம் அதே மரத்துக்கே வருகிறது என்று காட்டியது. வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான். அதனால் போன தேனீக்கள் திரும்பி வருவதில்லை, ராணியோடு அவற்றின் அடுத்த தலைமுறைதான் வருகிறது. பார்த்தே இராத ஊருக்குச் சரியாக வழி கண்டுபிடித்து வருகிறது. ஒவ்வொரு மே மாதமும் தட்கல் டிக்கெட் எடுத்து, இங்கே பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கும் கும்பகோணத்துக்கும் போகிற நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

"எங்கிருந்தோ வந்து எங்க இடத்துல உட்காந்துட்டாங்க, விரட்டுங்க" என்கிற வாசகம் நமக்குப் புதிதில்லை. 1960-களின் கடைசியில் பம்பாயில் நம் பெரியப்பா மாமாமார் கேட்ட வாசகம்தான். யார், என்ன வேலை செய்கிறார், யாருக்கு என்ன கெடுதல் செய்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. தென்னாட்டுக்காரன் என்றால் எல்லாரும் 'மதறாசி', ஒரே கணக்கு. பறக்கிறதெல்லாம் 'பீ', ஒரே ஸ்பிரே என்பதும் அதே சோம்பேறித்தனம்தான். தேனீயும் மனுஷனும் ஒன்று என்று சொல்லவில்லை. விசாரிக்காமல் தண்டிக்கிற பழக்கம் ஒன்றுதான் என்கிறேன்.

பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் திருத்தம் இதுதான், உங்கள் சொசைட்டியிலும் வைக்கலாம், காப்பிரைட் கிடையாது. ஒன்று, கூட்டம் தென்பட்டால் முதலில் எந்தப் பூச்சி, அடை உண்டா இல்லையா என்று தெரிந்தவர் பார்த்து எழுதித் தர வேண்டும். இரண்டு, அடை இல்லாத கூட்டத்துக்கு இரண்டு நாள் அவகாசம், மாடிக் கதவுக்குப் பூட்டு. மூன்று, அகற்றியே ஆக வேண்டும் என்றால் இரவில், முழு உடையோடு, விஷம் இல்லாமல். நான்கு, மேலே ஏறுகிற ஆளுக்கு ஒன்று ஆனால் செலவு சொசைட்டியுடையது என்று எழுத்தில். இந்த நாலாவதைப் படித்ததும் கை தூக்குகிறவர்கள் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

தங்கமணி, "எதுக்கு ஊர் வம்பு, அடுத்த வருஷம் கமிட்டில உங்களையே போட்டுத் தொலைப்பாங்க" என்கிறாள். போடட்டும். போட்டால் முதல் வேலையாகக் காகாவுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுக்கிறேன்.